திறன்னுவின் வித்தியாசாலையும் நம்முடைய கோடை விடுமுறையும்



எபேசு பட்டணத்தில் பவுல் ஊழியம் செய்த விதத்தை அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஜெப ஆலயத்தில் மூன்று மாதம் பேசிய பின்பு, அங்கே எதிர்ப்பு எழும்பினபடியால், அவர் சீஷர்களை அழைத்துக்கொண்டு திறன்னு என்பவனுடைய வித்தியாசாலைக்குச் சென்றார். இரண்டு வருடங்கள் அங்கேயே நாள்தோறும் போதித்தார். சில பழைய கையெழுத்துப் பிரதிகள் இந்த இடத்தில் ஒரு நேரக்குறிப்பைச் சேர்த்திருக்கின்றன. ஐந்தாம் மணி தொடங்கிப் பத்தாம் மணிவரை அவர் பேசினார் என்பதே அது. நம்முடைய கடிகாரத்தின்படி காலை 11 முதல் மாலை 4 வரை. இது மூலத்தைச் சேர்ந்ததல்ல என்பதே பெரும்பாலான அறிஞரின் கருத்து. ஆயினும் எபேசுவின் வாழ்க்கையை அறிந்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும். வெயில் ஏறியவுடன் ஆசிரியர் வீட்டுக்குப் போய்விடுவார். பட்டணம் கதவடைத்து உறங்கும். வித்தியாசாலை காலியாகக் கிடக்கும். எவருக்கும் வேண்டாத அந்த நேரத்தைப் பவுல் எடுத்துக்கொண்டார்.

வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் இக்குறிப்பைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேனேயன்றி அதற்குமேல் அதைக்குறித்துச் சிந்திக்கவில்லை. புனே பட்டணத்தில் பல கோடைகளைக் கழித்த பின்புதான் அது என்னை உறுத்தத் தொடங்கியது.

நம்மில் மூத்தவர்கள் இன்றும் பூனா என்றே சொல்லுகிற இப்பட்டணம் ஒரு பெரிய கல்லூரி ஊர். 1821-இல் இங்கே சமஸ்கிருதக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் டெக்கான் கல்லூரி ஆயிற்று. 1848-இல் சாவித்திரிபாய் புலே அம்மையாரும் அவருடைய கணவரும் பிடே வாடாவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். பொறியியல் கல்வி 1854-இலும், பெர்குசன் கல்லூரி 1885-இலும், பல்கலைக்கழகம் 1949-இலும் வந்தன. நம்முடைய ஜனங்களோ முதலாவது இராணுவத்தோடும் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையோடும் வந்தவர்கள். பின்பு பிம்ப்ரி, சிஞ்ச்வட் ஆலைகளுக்கு வந்தவர்கள். இப்பொழுது ஹிஞ்சவடி கணினி நிறுவனங்களுக்கு வருகிறவர்கள். கல்லூரிகளுக்கு வெளியே வாழ்ந்தாலும், நம் பிள்ளைகளின் ஆண்டு அந்தக் கல்லூரிகளின் நாட்காட்டிப்படியே சுழல்கிறது.

கோடையில் இப்பட்டணம் ஓய்வதில்லை. ஏப்ரல், மே பகலில் வெயில் 40 பாகையைத் தொடுவதுண்டு; ஆனால் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மாலையில் காற்று இறங்கிவிடும். அந்த மாலைகளில் எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒரு நிகழ்ச்சி உண்டு. நீதிபதி ரானடே 1875-இல் தொடங்கிய வசந்த வியாக்யான்மாலா என்னும் சொற்பொழிவு வரிசை, ஏப்ரலில் ஆரம்பித்து மே மாதம்வரை மாலைதோறும் நடைபெறும் வழக்கமுடையது. பொருளாதாரம், இலக்கியம், மருத்துவம், வரலாறு என்று எதைக்குறித்தும் பேச்சு இருக்கும். கைத்தடியோடு வந்த தாத்தாவும் தோளில் புத்தகப்பையைத் தொங்கவிட்ட மாணவனும் அருகருகே அமர்ந்து கேட்பார்கள். பல்கலைக்கழக வளாகத்திலுள்ள வானியல் ஆய்வு மையத்தில், பள்ளி மாணவர் சிறு குழுவாக ஒரு விஞ்ஞானியோடு ஒரு வாரத்தைச் செலவிடும் கோடைத் திட்டம் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. பேராசிரியர் ஜெயந்த் நார்லிகர் தோற்றுவித்த அந்த மையத்தின் அரங்கத்துக்கு நம்முடைய சந்திரசேகரின் பெயர் சூட்டப்பட்டிருப்பதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும். அதே வளாகத்து முக்தாங்கண் அறிவியல் கூடத்தில் அரவிந்த் குப்தா பணியாற்றிய ஆண்டுகளில், தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு குழாய்த் துண்டுகளையும் கொண்டு பிள்ளைகளுக்கு வடிவியல் கற்றுக்கொடுத்தார். குப்பைக்குப் போகவேண்டியவற்றில் விளையாட்டுப் பொருள் செய்த மனிதர் அவர். இவையன்றி நீச்சல் வகுப்பு, மலையேற்ற முகாம், நாடகப் பயிற்சி என்று எத்தனையோ உண்டு.

இவையெல்லாம் நடக்கும் மாதத்தில் நம்முடைய சபைக் கட்டடங்கள் என்ன நிலையில் இருக்கின்றன? பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோம். பலூன் கட்டுகிறோம், அபிநயப் பாடல் பாடுகிறோம், கடைசி நாளில் பரிசு கொடுக்கிறோம். பின்பு பூட்டிவிடுகிறோம்.

விடுமுறை வேதாகமப் பள்ளியைக் குறைத்துப் பேசவில்லை. அநேகர் இரட்சிப்பின் வித்தைப் பெற்றது அங்கேதான். ஆனால் அதன் ஆரம்பத்தைச் சற்றுப் பாருங்கள். 1898-இல் நியூயார்க் நகரில் ஹாஸ் என்னும் அம்மையார், கோடையில் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக ஒரு மதுக்கடைக் கூடத்தையே வாடகைக்கு எடுத்தார். 1901-இல் ராபர்ட் போவில் என்னும் ஊழியர் அதே நகரில் அதை விரிவாக்கினார். விடுமுறையில் பிள்ளைகளுக்கு வேலையில்லை, ஆலயக் கட்டடங்களுக்கும் வேலையில்லை, இறையியல் கல்லூரி மாணவர்களுக்கும் வேலையில்லை என்பதைக் கண்டு, இம்மூன்றையும் ஒன்றாக இணைத்தார். திறன்னுவின் காலி வித்தியாசாலை எனக்கு நினைவுக்கு வருகிறது. நாமோ பிள்ளைகளை மாத்திரம் பிடித்துக்கொண்டோம். மாணவரையும் கட்டடத்தையும் விட்டுவிட்டோம்.

இங்கே என்னுடைய குற்றம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2009-ஆம் ஆண்டில் எங்கள் சபையில் ஒன்பதாம் வகுப்பு முடித்த ஒரு மகள், பட்டணத்தில் நடந்த ஓர் அறிவியல் முகாமுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டாள். ஏழு நாள். அந்த நாட்களும் எங்கள் விடுமுறை வேதாகமப் பள்ளியின் நாட்களும் மோதின. தகப்பனார் என்னிடம் வந்து, "ஐயா, என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, உறங்காமல் வந்திருந்தார். நான் ஒரு கணமும் ஜெபிக்கவில்லை. "கர்த்தருடைய காரியம் முதலாவது இருக்கட்டும், சகோதரரே" என்றேன். அவர் கீழ்ப்படிந்தார். அந்தப் பிள்ளை பத்து நாளும் வந்து, சிறுவர்களுக்கு வண்ணத்தாள் வெட்டிக்கொடுத்தாள். முகம் வாடவில்லை என்றுகூட நான் சாட்சியாகப் பேசினேன்.

அடுத்த ஆண்டு அவள் வரவில்லை. மேற்படிப்புக்கு வேறு பட்டணம் போன பின்பு ஆராதனைக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். 2019-இல் அவளுடைய தம்பியின் திருமணத்தில் சந்தித்தபோது, மரியாதை குறையாமல் சொன்னாள்: "ஐயா, அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று நான் மூன்று வாரம் உபவாசித்து ஜெபித்தேன். கிடைத்தபோது அது ஜெபத்துக்குப் பதில் என்றே நம்பினேன். நீங்கள் அது கர்த்தருடையது அல்ல என்றீர்கள். அதற்குப் பிறகு எதற்காக ஜெபிப்பது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது."

பந்தியில் என் இலையில் வைத்த உணவு அப்படியே இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், "பரவாயில்லை ஐயா" என்றாள். அவள் இன்னும் திரும்பி வரவில்லை.

தானியேலும் அவன் தோழரும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். ராஜாவின் போஜனத்தை மாத்திரம் விலக்கினார்கள். எதை விலக்குவது என்பதை அறிந்திருந்தபடியால் எதைக் கற்பது என்பதில் அவர்களுக்குப் பயமில்லை. நாமோ விலக்க வேண்டியதை ஆராயச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் விலக்கிவிடுகிறோம், அது சுலபமாயிருக்கிறது. இப்பொழுது எங்கள் சபையில் பெற்றோர் வந்து கேட்டால், முகாமின் நாள் நிகழ்ச்சி நிரலை வாங்கிவரச் சொல்லுகிறேன். சூரிய நமஸ்காரமோ பூஜையோ அதில் இருந்தால், அந்த ஒரு மணிநேரத்துக்குப் பிள்ளைக்கு விலக்கு கேளுங்கள் என்கிறேன். அமைதியாகக் கேட்ட பெற்றோரில் பெரும்பாலோருக்கு மறுப்பு வந்ததில்லை. மறுத்தால் வேறு முகாம் பார்க்கலாம். வேதாகமப் பள்ளியின் நாட்களைக் குறிக்குமுன் பிள்ளைகளின் பள்ளி, கல்லூரி நாட்காட்டிகளை வாங்கி மேசைமேல் வைத்துக்கொள்ளுகிறோம். மத்திய பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்ரலிலேயே புதிய வகுப்பு தொடங்கிவிடுகிறது. மாநிலப் பாடத்திட்டத்துப் பிள்ளைகளுக்கோ ஜூன் நடுவில்தான் பள்ளி திறக்கும். இந்த வித்தியாசத்தைக்கூட அறியாமல் எத்தனையோ வருடம் தேதி குறித்தோம்.

மாணவர்களின் காரியம் வேறு. ஏப்ரல், மே அவர்களுக்குத் தேர்வுக் காலம். ஒரே அறையில் நால்வர் தங்கியிருக்கிறார்கள், தகரக்கூரை. பகலில் படிக்க இடமில்லை. 2022 முதல் எங்கள் ஆராதனைக் கூடத்தைக் காலை 11 முதல் மாலை 4 வரை அவர்களுக்குத் திறந்துவைக்கிறோம். நேரத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று உங்களுக்குத் தெரியும். மின்விசிறி, குடிநீர்ப் பானை, சில மேசைகள், வேறொன்றுமில்லை. துண்டுப்பிரதி கொடுப்பதில்லை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். மின்கட்டணத்தைக்குறித்து மூப்பர் ஒருவர் நியாயமாகவே கேள்வி எழுப்பினார். கேட்டால் சொல்லுவோம், ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்போம் என்று தீர்மானித்தோம். வருகிறவர்களில் பாதிப்பேர் மராத்தியரும் வடநாட்டாருமே.

வயதானவர்களைக்குறித்துத்தான் நாங்கள் மிகவும் தாமதமாகக் கண்திறந்தோம். கோடையில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து பெற்றோரை வரவழைக்கிறோம் அல்லவா? அப்படி வந்த ஒரு தாயார் தூக்கம் வரவில்லை, ஜெபிக்க வாருங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன். நான்காம் மாடி. இரும்புக் கிராதிக்கு வெளியே பூட்டு தொங்கியது. "சாவி மகன்கிட்ட இருக்கு ஐயா. எனக்குப் பாஷை தெரியாதுல்லா, யாராவது வந்து ஏமாத்திருவான்னு பூட்டிட்டுப் போவான்" என்றார்கள். பாதுகாப்புக்காகச் செய்ததுதான், மகன் கொடியவன் அல்ல. ஆனால் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று எவரும் எண்ணவில்லை. கம்பிகளின் வழியாகக் கையை நீட்டினார்கள். அப்படியே ஜெபித்துவிட்டு வந்தேன். அன்றிரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.

வாசகரே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு பூட்டு இருந்தால், இந்த இதழை மடித்து வைக்குமுன் மாற்றுச் சாவி ஒன்றை உள்ளே வையுங்கள்.

அந்தத் தாயார் சாயர்புரம் பக்கத்தில் முப்பது வருடம் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நம்முடைய பிள்ளைகளோ தமிழ்ப் பாடலை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறவர்கள். இப்பொழுது மே மாதம் முழுவதும் மாலை நான்கு மணிக்கு, மாணவர் எழுந்து போன அதே மேசைகளில், ஆச்சி தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். கடந்த ஆண்டு பதினொரு பிள்ளைகள் யோவான் சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தைத் தாங்களே எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். இடையின, வல்லின ரகர வேறுபாட்டில் ஆச்சி மிகவும் கண்டிப்பு. ஒரு பையன் அழுதுவிட்டான். ஆச்சிக்கு அந்தப் பிள்ளைகள் மராத்தியில் எண் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காய்கறிக்காரரிடம் இனிமேல் விலை பேசலாமாம்.

சகரியா 8-ஆம் அதிகாரத்தில், சீர்ப்படுத்தப்பட்ட எருசலேமின் அடையாளமாகத் தேவன் காட்டுவது கோபுரத்தையோ மதிலையோ அல்ல. முதியோர் கோலூன்றி அமர்ந்திருக்கும் வீதியையும், அதே வீதியில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதையுமே. அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த வீதியை எங்கே தேடுவது? சபைக் கூடத்தின் வாசல்தான் இருக்கிறது.

மே கடைசியில், எல்லா வயதினரும் சேர்ந்து கேட்காவுக்குப் போகிறோம். புனேயிலிருந்து தவுண்ட் பக்கம் போகும் பயணிகள் ரயிலில், ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷன் அங்கே இருக்கிறது. 1882-இல் இளம் விதவையாக இப்பட்டணத்துக்கு வந்த அவரை ஆதரித்தவர்களில், அந்தச் சொற்பொழிவு வரிசையைத் தொடங்கிய ரானடேயும் ஒருவர். ரமாபாயின் பெற்றோர் 1870-களின் பஞ்சத்தில் மாண்டவர்கள். சம்ஸ்கிருதம் கற்றதால் பண்டிதை என்று பட்டம் பெற்ற அவர், கிறிஸ்துவைக் கண்ட பின்பு அந்தக் கல்வியை எறிந்துவிடவில்லை. எபிரெயுவையும் கிரேக்கையும் கற்று, சாகும்வரை மராத்தி வேதாகமத்தை மொழிபெயர்த்தார். 1905 ஜூன் மாதத்தில் அவ்விடத்துப் பெண்பிள்ளைகள்மேல் ஊற்றப்பட்ட எழுப்புதலைப் பெந்தெகொஸ்தே வரலாற்றில் வாசித்திருப்பீர்கள். அமெரிக்காவின் அசூசா தெருவுக்கு அது ஓராண்டு முந்தியது.

சென்ற முறை மரத்தடியில் அமர்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், ஒரு கூடை மாம்பழம். அறிவியல் முகாமிலிருந்து நேராக நிலையத்துக்கு வந்து சேர்ந்த இரண்டு பிள்ளைகள், தீக்குச்சியில் செய்த ஓர் உருவத்தை ஆச்சியிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆண்டு போக விரும்புகிறவர்கள் மே இரண்டாம் ஞாயிறுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். முதியவர்களுக்கு ஜன்னலோர இருக்கை வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.