அழுததால் கண் மங்குமா?



சுகாதார வகுப்புக்காகக் கிராமங்களுக்குப் போகும்போது தாய்மார் என்னிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: "அழுதழுது என்ரை கண் மங்கிப் போச்சு பிள்ளை. இனி என்ன செய்யிறது?" பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் காணாமற்போனவரைத் தேடி அலைபவர்களும் இப்படிச் சொல்கிறார்கள். அழுதால் கண் சிவக்கும், இமை வீங்கும், பார்வை போகாது. மங்குவதற்கு வேறு காரணம் இருக்கும். அதைக் கண்டறிந்தால் பல வேளைகளில் மாற்றவும் முடியும்.

40 வயதுக்குப் பின் தூரத்தில் உள்ளது தெளிவாகத் தெரிந்தும் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லையா? அது பெரும்பாலும் வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் சரியாகும்.

எல்லாமே புகார் மூடியதுபோலத் தெரிந்தால், வெளிச்சம் கூசினால், கட்டராக்ட் எனும் கண்புரையாக இருக்கலாம். கண்ணின் வில்லை வெண்மையாவதே இது. கீரை உடலுக்கு நல்லது. ஆனால் கீரையாலோ துளிமருந்தாலோ புரை கரையாது. சத்திரசிகிச்சை செய்து செயற்கை வில்லை வைப்பார்கள். புரை "முத்தும்" வரை காத்திருக்கத் தேவையில்லை.

குளுக்கோமா அப்படியல்ல. பெரும்பாலும் கண்ணின் உள்ளே அமுக்கம் கூடி, நோவே இல்லாமல் நரம்பைப் பழுதாக்கும். பக்கப் பார்வை மெல்லக் குறையும். போன பார்வை திரும்பாது. எஞ்சியதைச் சிகிச்சையால் காக்கலாம். தாய், தகப்பன், சகோதரருக்கு இந்நோய் இருந்தால் நீங்களும் பரிசோதியுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும், வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

ஷெல் சன்னமோ அடியோ பட்ட கண்ணில் பல வருடங்கள் கழித்தும் புரையோ குளுக்கோமாவோ வரலாம். காயம் ஆறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கண்ணில் உலோகத்துண்டு இருக்கலாம் என்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள்.

கண்ணில் தாய்ப்பால், இலைச்சாறு விடாதீர்கள். பக்கத்து வீட்டாரின் துளிமருந்தும் வேண்டாம். ஸ்டீரொயிட் கலந்த மருந்தைத் தொடர்ந்து விட்டால் அதுவே புரையையும் குளுக்கோமாவையும் உண்டாக்கும். சுண்ணாம்பு பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் 20 நிமிடமாவது கழுவி, வைத்தியசாலைக்குப் போங்கள். சிவப்போடு கடும் நோவு, திடீர்ப் பார்வைக் குறைவு என்றாலும் அன்றைக்கே போக வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் காட்டக் கட்டணம் இல்லை. "பிள்ளையளின்ரை அலுவல் முடியட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். இன்றைக்கே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலுள்ள கலண்டரைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் இந்த மாதமே கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள்.