தவறிய வினாவே ஆசிரியர்

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் சந்தித்துக்கொண்டால், முதலில் வரும் கேள்வி “இன்னைக்கு எத்தனை போட்டே?” என்பதுதான். நாற்பது, அறுபது, நூறு என்று பதில் வரும். அதிகம் போட்டவருக்கு நிம்மதி. குறைவாகப் போட்டவர் அன்று இரவு கண்விழித்துக் கணக்கை நேர்செய்வார்.

‘குவான்ட்ஸ்’ எனப்படும் கணக்குப் பகுதிக்கு இந்த எண்ணிக்கை ஓரளவு பொருந்தும். ஒரே வகைக் கணக்கைப் பலமுறை போட்டால் கை பழகும். ‘வெர்பல்’ எனப்படும் மொழிவழித் தர்க்கப் பகுதி அப்படிப் பழகுவதில்லை. ஆயிரம் வினாக்களைத் தாண்டிய பிறகும் மாக் டெஸ்ட் மதிப்பெண் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது நம் பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் தீர்ப்பு ஒன்று உண்டு: “எனக்கு இங்கிலீஷ் வராது.” தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இந்தத் தீர்ப்பை மேல்முறையீடே இல்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இது தவறான தீர்ப்பு. அவர்கள் தடுமாறும் இடம் வேறு. பயிற்சி செய்யும் இடம் வேறு.

தேர்வு எதைக் கேட்கிறது?

உலகெங்கும் உள்ள மேலாண்மைக் கல்லூரிகள் ஏற்கும் ஜிமேட் தேர்வு 1954-இல் வேறொரு பெயரில் தொடங்கியது. நெடுங்காலம் அதன் வெர்பல் பகுதியில் மூன்று வகை வினாக்கள் இருந்தன: பத்தியைப் படித்து விடையளித்தல், வாதங்களை ஆராய்தல், வாக்கியப் பிழை திருத்துதல். மூன்றாவது வகைதான் நம் மாணவர்களை அதிகம் மிரட்டியது. 2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவத்தில் அந்த வகை முழுதாக நீக்கப்பட்டுவிட்டது. கட்டுரை எழுதும் பகுதியும் போய்விட்டது. இப்போது வெர்பல் பகுதியில் 45 நிமிடங்களில் 23 வினாக்கள். வாசிப்பும் வாத ஆய்வும் மட்டுமே மிச்சம். இலக்கண நுணுக்கத்தைத் தனியாக அளக்க வேண்டியதில்லை, சிந்தனையை அளந்தால் போதும் என்று தேர்வை நடத்துபவர்களே முடிவுகட்டிவிட்டதாகத்தான் இதைப் படிக்க முடிகிறது.

ஐஐஎம்களுக்கான ‘கேட்’ தேர்வும் இதே திசையில்தான் நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் அதன் மொழிப் பகுதியில் 24 வினாக்கள், 40 நிமிடங்கள். அவற்றில் 16 வினாக்கள் நான்கு பத்திகளை ஒட்டியவை. மீதியில் சிதறிய வாக்கியங்களை வரிசைப்படுத்துதல், பத்தியின் சாரத்தைக் கண்டறிதல், பொருந்தாத வாக்கியத்தை நீக்குதல் போன்றவை வரும். அகராதியை மனப்பாடம் செய்து வெல்லக்கூடிய வினா இவற்றில் அநேகமாக ஒன்றும் இல்லை. ஆனாலும், சொற்பட்டியலை உருப்போடுவதில்தான் பலருடைய முதல் மூன்று மாதங்கள் கரைகின்றன.

ஒரு வினாவைப் பிரித்துப் பார்ப்போம்

வாத ஆய்வு வினா எப்படி இருக்கும் என்பதைத் தமிழிலேயே பார்த்துவிடலாம். இது பயிற்சிக்காக நான் அமைத்த கற்பனை வினா.

ஒரு நகரத்தில் இருசக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், தலைக்காயத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் கூடியது. ஆகவே, தலைக்கவசத்தால் பயனில்லை என்கிறார் ஒருவர். கீழுள்ளவற்றில் எது உண்மையானால் இந்த வாதம் மிகவும் பலவீனப்படும்?

(அ) தலைக்கவசம் அணிவது சிரமமாக இருப்பதாகப் பலர் கூறினர். (ஆ) அண்டை நகரத்தில் தலைக்கவசம் கட்டாயமில்லை. (இ) விபத்து நடந்த இடத்திலேயே தலைக்காயத்தால் இறந்தவர்களின் எண்ணிக்கை அந்த ஆண்டில் வெகுவாகக் குறைந்தது. (ஈ) தலைக்கவசம் உயிர் காக்கும் என்பது போக்குவரத்து அதிகாரிகளின் உறுதியான நம்பிக்கை. (உ) முன்பைவிட அதிகமானோர் தலைக்கவசம் அணிந்தார்கள்.

அவசரத்தில் பலருடைய கை ‘ஈ’யின் மேல் போகும். நமக்குப் பிடித்த முடிவை அது சொல்கிறது. அதிகாரிகளின் பெயரிலும் சொல்கிறது. ஆனால், நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் எதிராளியின் ஆதாரத்தை அது தொடுவதில்லை. ‘உ’ இன்னும் நுட்பமான பொறி. அதிகமானோர் அணிந்தும் காயம்பட்டோர் கூடினார்கள் என்றால், அது எதிராளிக்கே துணைபோகிறது. சரியான விடை ‘இ’. முன்பு சாலையிலேயே உயிர்விட்டவர்கள் இப்போது உயிருடன் மருத்துவமனைக்கு வருகிறார்கள். பதிவேட்டில் எண் கூடியதற்குக் காரணம், உயிர்கள் காப்பாற்றப்பட்டதுதான்.

வாதம் செய்தவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது: ‘மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையே பாதிப்பின் முழு அளவு.’ இந்த எடுகோளை எதிர்மறையாக்கிப் பாருங்கள். ‘அந்த எண்ணிக்கை முழு அளவைக் காட்டாது’ என்றதும் அவருடைய முடிவு சரிந்துவிடுகிறது. எடுகோளைக் கண்டுபிடிக்க, பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் மிக நல்ல உத்தி இதுதான். இதைச் செய்ய நமக்கு ஆங்கில இலக்கணம் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவைப்பட்டது நிதானம், சொன்னதற்கும் சொல்லாததற்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தேடும் கண்.

நம்மிடம் இருக்கும் கருவிகள்

இந்தக் கண் நமக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் கற்பிக்கிறார். நிறுவ வேண்டிய முடிவு ‘பக்கம்’. அதற்கான காரணம் ‘ஏது’. இரண்டையும் இணைக்கும் சான்று ‘திட்டாந்தம்’. மலையில் நெருப்பு இருக்கிறது என்பது முடிவு. அங்கே புகை தெரிகிறது என்பது காரணம். புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் சமையலறை சான்று. அதோடு காதை நின்றுவிடவில்லை. முடிவில் வரும் போலி, காரணத்தில் வரும் போலி, சான்றில் வரும் போலி என்று வாதங்கள் பழுதாகும் வழிகளையும் வகை வகையாக விரிக்கிறது. ஜிமேட்டில் ஐந்து ஆப்ஷன்களில் நான்கு போலிகள். அவற்றை இனம்பிரிக்கும் பயிற்சிக்கு நம் இலக்கியத்தில் ஒரு முழுக் காதையே இருக்கிறது.

இலக்கணத்திலும் இருக்கிறது. வெர்பல் வினாக்களில் மதிப்பெண்ணைப் பறிப்பவை நீளமான கடினச் சொற்கள் அல்ல. ‘சில’, ‘பெரும்பாலான’, ‘எல்லா’, ‘மட்டும்’ என்ற பொருளில் வரும் சின்னஞ்சிறு சொற்கள். பத்தியில் ‘சில நிறுவனங்கள்’ என்றிருக்கும். ஆப்ஷனில் அது ‘நிறுவனங்கள்’ என்று பொதுவாகிவிடும். இதே நுணுக்கத்தை நம் பிள்ளைகள் பள்ளியில் படித்தவர்கள்தான். ‘கண்ணனும் வந்தான்’ என்றால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள்; எச்ச உம்மை. ‘கண்ணனே வந்தான்’ என்று பிரிநிலை ஏகாரம் போட்டால் பிறர் விலக்கப்படுகிறார்கள். ‘எல்லாரும் வரவில்லை’ என்ற வாக்கியத்தில், முற்றும்மை எதிர்மறையோடு சேர்ந்து, சிலர் வந்தார்கள் என்ற எச்சப் பொருளையும் தரக்கூடும் என்று நம் இலக்கணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். உம்மைக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. ஒற்றை இடைச்சொல் ஒரு வாக்கியத்தின் எல்லையை எப்படி மாற்றும் என்பதை இவ்வளவு கூர்மையாகக் கவனித்த மரபில் வந்தவர்கள், அதே வேலையைச் செய்யும் ஆங்கிலச் சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தேர்வுக்காகப் படித்து மறந்த பாடத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தால் போதும்.

தவறைப் படிக்கும் முறை

அப்படியானால், எப்படிப் பயிற்சி செய்வது? ஒரு வினாவைப் போட இரண்டு நிமிடம் என்றால், அதைத் திரும்பிப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுங்கள் என்பேன். விடைக்குறிப்பைப் பார்த்து ‘ஓ, இதுவா!’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த வினாவுக்குப் போவதுதான் இன்று பரவலாக நடக்கிறது. அந்தத் தலையாட்டலில் எதுவும் கற்கப்படுவதில்லை. புரிந்துவிட்டதுபோல் தோன்றுகிறது, அடுத்த வாரம் அதே பொறியில் கால் மாட்டுகிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் மூன்று குறிப்புகள் எழுத வேண்டும். நான் தேர்ந்த தவறான விடை என்னை ஏன் கவர்ந்தது? பத்தியின் எந்தச் சொல் அதை விலக்குகிறது? சரியான விடையை நான் ஏன் கைவிட்டேன்? இவற்றைத் தமிழில் எழுதுங்கள். சிந்தனை தடையின்றி ஓடும் மொழியில் எழுதினால்தான் தவறின் வேர் தெரியும். இரண்டு மாதத்தில் அந்த நோட்டு ஒரு கண்ணாடி ஆகிவிடும். உலகில் உண்மையாக இருப்பதால் மட்டும் ஓர் ஆப்ஷனைத் தேர்பவர் தன்னை அதில் பார்ப்பார். பாதி சரியாக இருந்தாலே திருப்தி அடைபவரும் பார்ப்பார். மிகைப்படுத்திய வாக்கியத்தில் மயங்குபவரும் பார்ப்பார். தவறுகள் நூறு இருந்தாலும், அவற்றின் வகைகள் நான்கைந்துக்குள் அடங்கிவிடும்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் மிஷலீன் சீ தன் குழுவினருடன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, இயற்பியல் பாடத்தில் தீர்த்துக் காட்டப்பட்ட கணக்குகளை மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தது. நன்றாகத் தேறியவர்கள், ஒவ்வொரு படியிலும் நின்று ‘இது ஏன்?’ என்று தங்களுக்குத் தாங்களே அதிகம் விளக்கிக்கொண்டவர்களாக இருந்தார்கள். பார்த்த கணக்கு ஒன்றுதான்; பார்த்த விதம் வேறு.

வினாக்களின் தரமும் முக்கியம். ஜிமேட்டை நடத்தும் அமைப்பே, முன்பு பயன்பட்ட வினாக்களைத் தொகுத்து நூலாக வெளியிடுகிறது. கேட் தேர்வின் பழைய வினாத்தாள்களும் கிடைக்கின்றன. கணக்கில் ஒரு வினாவை எண்ணை மாற்றிப் புதிதாக்கிவிடலாம். வாத ஆய்வு வினாவில் ஒரு சொல் நழுவினாலும் இரண்டு விடைகள் சரியாகிவிடும். அவசரத்தில் எழுதப்பட்ட வினாக்களில் பழகுபவர், வினாவின் பிழையைத் தன் பிழையாக எண்ணி, சரியான உள்ளுணர்வையே திருத்திக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. நல்ல வினா ஐம்பது, நாள்பட்ட இடைவெளியில் இருமுறை போடப்பட்டால், தரமற்ற ஐந்நூறைவிட மேல்.

உண்மையான தடையும் பொதுப் பொறுப்பும்

ஒன்றை மறைக்கக் கூடாது. தர்க்கம் கைவந்தாலும் ஆங்கில வாசிப்பின் வேகம் தனியாகத் தடுக்கும். மெய்யியல், அறிவியல் வரலாறு, பொருளாதாரம், மானிடவியல் என்று எங்கிருந்தும் வரும் பத்திகளை, பின்தொடரும் வினாக்களோடு சேர்த்துப் பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வீட்டில் ஆங்கில நாளிதழ் வரும் சூழலில் வளர்ந்தவருக்கும், கல்லூரியில்தான் முதல் ஆங்கிலக் கட்டுரையைப் படித்தவருக்கும் இந்த ஓட்டத்தில் தொடக்கக் கோடு ஒன்றல்ல. ஜேஇஇ மெயின், நீட் ஆகிய தேர்வுகளைத் தமிழில் எழுத முடிகிறது. கேட் தேர்வுக்கு அந்த வழி இல்லை. இந்த இடைவெளியை எந்தக் குறுக்கு வழியும் அடைக்காது. நாளுக்கு ஒரு கட்டுரை, தனக்குப் பழக்கமில்லாத துறையிலிருந்து. படித்து முடித்ததும், எழுதியவர் என்ன சொல்கிறார், யாரை மறுக்கிறார், எதை ஆதாரமாக வைக்கிறார் என்று தமிழில் மூன்று வரி. ஓராண்டு இதைச் செய்பவருக்கு வேகம் தானாக வரும். நான்கு மாதத்தில் வரும் என்று யாராவது வாக்களித்தால் நம்ப வேண்டாம்.

தனி மாணவரின் முயற்சியோடு இது முடியக்கூடாது. கல்லூரிகளில் ‘ஆப்டிடியூட்’ வகுப்பு என்ற பெயரில் கணக்குச் சூத்திரங்களும் எதிர்ச்சொல் பட்டியல்களும் நடத்தப்படுகின்றன. அந்த நேரத்தில் பாதியை வாதம் படிப்பதற்குக் கொடுக்கலாம். பாடநூல் தேவையில்லை; அன்றைய தலையங்கம் ஒன்று போதும். முடிவு எது, காரணம் எது, சொல்லாமல் விட்டது எது என்று மாணவர்கள் பிரித்துப் பழகட்டும். முதலாமாண்டில் தமிழில், அடுத்து ஆங்கிலத்தில். 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ போன்ற திறன் மேம்பாட்டுத் திட்டங்களிலும் இதற்கு இடம் தர வேண்டும். மேலாண்மைக் கல்லூரிக்குப் போகாத மாணவருக்கும் இந்தப் பயிற்சி வீண்போகாது. கடன் பத்திரத்தின் நிபந்தனையை, விளம்பரத்தின் வாக்குறுதியை, மேடைப் பேச்சின் புள்ளிவிவரத்தை அவர் வேறு கண்ணோடு படிப்பார்.

தலைக்கவச வினாவில் வாதம் செய்தவர் பொய் சொல்லவில்லை. அவர் காட்டிய எண் சரியானது. எண்ணிய இடம்தான் தவறு: மருத்துவமனைப் பதிவேட்டை எண்ணினார், சாலையை எண்ணவில்லை. ‘எத்தனை போட்டே?’ என்று கேட்டுக்கொள்ளும் நம் பிள்ளைகளும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். போட்ட வினாக்கள் பதிவேட்டில் ஏறுகின்றன; புரிந்த தவறுகள் ஏறுவதில்லை. இன்றிரவு நண்பரிடம் கேட்க வேறொரு கேள்வி இருக்கிறது: “இன்னைக்கு எந்தக் கேள்வியிலே தப்பு பண்ணினே, ஏன்?” அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்தவர், அந்த நாளில் ஒரே ஒரு வினாதான் போட்டிருந்தாலும், முன்னேறியிருக்கிறார்.