அயலாருக்கு மட்டும் ஒரு சுங்கம்

முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று இன்றும் நினைவுகூர்கிறோம். சுங்கம் தவிர்த்தவனுக்கே புகழ் என்பது பழைய வழக்கு. ஆயினும் ஐரோப்பிய நெடுஞ்சாலைகளை நோக்குகையில், சுங்கம் உண்டா இல்லையா என்பதைவிட, அது எல்லாருக்கும் ஒன்றுதானா என்பதே எங்களுக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

சுவிட்சர்லாந்தில் 1985 முதல் கார்க் கண்ணாடியில் ஒட்டும் ஆண்டுச் சுங்கவில்லை உண்டு. 1995 முதல் அதன் விலை 40 பிராங்க். 2013இல் அதை நூறாக உயர்த்த அரசு முனைந்தபோது மக்களே வாக்களித்து மறுத்துவிட்டனர். சூரிச் நகரவாசிக்கும் வழிப்போக்கருக்கும் ஒரே விலை. (ஒரே பகலில் நாட்டைக் கடந்து இத்தாலிக்குப் போகிறவரும் ஓராண்டு வில்லையே வாங்க வேண்டும், இந்தச் சமத்துவத்திலும் சிறு கள்ளம் இல்லாமலில்லை.) 1997இல் வில்லையைக் கொணர்ந்த ஆஸ்திரியாவில் பத்து நாளுக்கும், இப்போது ஒரு நாளுக்கும்கூட வாங்கலாம்.

இவ்விரு நாடுகளிலும் பணம் கொடுத்துத் திரும்பும் ஜெர்மானியர், தம் ஆட்டோபானில் ஆஸ்திரியர் கார்கள் கட்டணமின்றி ஓடுவதைக் கண்டு மனம் வெதும்பியதில் வியப்பில்லை. 2015இல் கார்களுக்கான சுங்கச் சட்டத்தை இயற்றினர். எல்லாரும் கட்ட வேண்டும். ஆனால் உள்நாட்டாருக்கு வாகன வரியில் அதற்கு ஈடான கழிவு. வலக்கையால் வாங்கி இடக்கையால் திருப்பித் தருவது தன் வீட்டாருக்கு மட்டும்! ஆஸ்திரியா வழக்குத் தொடுத்தது. 2019 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் இது பிற நாட்டாருக்கு எதிரான பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. கார்களிடமிருந்து ஒரு யூரோவும் வசூலாகவில்லை. வசூலிப்பதற்கு ஒப்பந்தம் பெற்றிருந்த நிறுவனங்களுக்கோ 2023இல் 24.3 கோடி யூரோ இழப்பீடு தர நேர்ந்தது.

தீர்ப்பு சரியானதே. ஆனால் அதைக் காட்டி, கட்டணமில்லாச் சாலையே உயர்ந்தது என்று வாதிடுவோரோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. ஏ45 நெடுஞ்சாலையின் ராமெடெ பாலம் 2021 டிசம்பரில் பாதுகாப்பற்றதென மூடப்பட்டு, 2023 மே மாதம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நெடுஞ்சாலையின் லாரிகளெல்லாம் லூடென்ஷைட் நகரத் தெருக்களில் இறங்கின. சுங்கம் கேட்காத சாலைக்கு அவ்வூரார் தூக்கத்தையும் நேரத்தையும் விலையாகக் கொடுத்தனர்.

ஜெர்மனிக்குப் பணம் வேண்டுமெனில் தன் குடிமக்களிடமும் கழிவின்றிக் கேட்கட்டும். ஆஸ்திரியர் முணுமுணுத்துக்கொண்டேனும் கொடுப்பர். ஆனால் இதைச் சொல்லி வாக்குக் கேட்கத் துணியும் கட்சி எது?