லூஸ் ஸ்க்ரூ

சினிமா வில்லன் மொட்டை மாடியில் துப்பாக்கியோடு படுத்தால் நான் ஸ்கோப்பைப் பார்ப்பதில்லை. அதன் அடியில் இருக்கும் 'ரெயிலை'த்தான் பார்க்கிறேன். ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு வளையங்களும் அதன் மேல்தான் உட்காருகின்றன.

மூன்று ரகம் முக்கியம். ஏர் ரைஃபிளில் பெரும்பாலும் 11 மி.மீ. டவ்டெயில்: இரு பக்கமும் நீளவாக்கில் சரிந்த பள்ளம், அவ்வளவுதான். அடுத்தது வீவர்: குறுக்கே 4.57 மி.மீ. வெட்டுகள் உண்டு, அவற்றின் இடைவெளி மட்டும் தயாரிப்பவர் இஷ்டம். இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட அமெரிக்க ராணுவம் 1995-ல் வகுத்த அளவுதான் பிக்காட்டினி: வெட்டு 5.23 மி.மீ., மையத்துக்கு மையம் 10.01 மி.மீ. எங்கே வாங்கினாலும் இதே கணக்கு.

வீவர் வளையம் பிக்காட்டினியில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். பிக்காட்டினி வளையம் வீவரில் நுழையாது. தம்பி, அண்ணன் சட்டையைப் போடலாம். அண்ணன் தம்பி சட்டையைப் போட்டால் பட்டன் தெறிக்கும்.

'அரை மில்லிமீட்டருக்கா இத்தனை அலட்டல்?' என்பீர்கள். கணக்குப் போட்டேன். வளையங்களுக்கு நடுவே 100 மி.மீ. தூரம். குறியைச் சரிசெய்த பிறகு ஒரு வளையம் 0.1 மி.மீ., அதாவது உங்கள் ஆபீஸ் டைப் பேப்பர் கனம், பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். 100 மீட்டரில் குறி 10 செ.மீ. தப்பும்.

ஹீரோ பிழைப்பது வீரத்தால் இல்லை சார், லூஸ் ஸ்க்ரூவால்!