தொழிற்பெயர் வழியே ஜெரண்ட்

ஆங்கில இலக்கணத்தில் ‘ஜெரண்ட்’ என்றாலே மிரளும் மாணவர்களிடம், அதன் இயல்பைத் தமிழ் வகுப்பிலேயே படித்துவிட்டீர்கள் என்று யாரும் பெரும்பாலும் சொல்வதில்லை. ‘நாவல்களை மெதுவாக வாசித்தல் சுகம்’ என்னும்போது ‘வாசித்தல்’ என்ற தொழிற்பெயர் பெயராக நின்று எழுவாயாகிறது. கூடவே வினையைப் போலச் செயப்படுபொருளையும் அடையையும் ஏற்கிறது. ‘ரீடிங் நாவல்ஸ் ஸ்லோலி’ செய்வதும் அச்சு அசலாக இதே வேலைதான். தாய்மொழி வழியே கற்றால் மனதுக்குள் மொழிபெயர்த்தே பேசும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். ஓரளவு நியாயம்தான்: ‘என்ஜாய்’ என்பதற்குப் பின் ‘ரீடிங்’ வரும், ‘வான்ட்’ என்பதற்குப் பின் ‘டு ரீட்’ வரும், இதற்குத் தொழிற்பெயரில் விடை இல்லை. ‘லுக் ஃபார்வர்டு டு மீட்டிங்’ நன்றாகப் படித்தவர்களையும் கவிழ்த்துவிடும். அங்கே ‘டு’ வெறும் ப்ரெபொசிஷன். இவற்றை வாக்கியங்களாகச் சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சிக்கு முன், வினை எப்படிப் பெயராகிறது என்ற தெளிவு வேண்டாமா? கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் வினாத்தாள் அதைத் தராது.