ஆற்றில் இட்டதும் குளத்தில் எடுத்ததும்

திருமுதுகுன்றம் என்னும் விருத்தாசலத்தில் சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனிடம் 12,000 பொன் பெற்ற வரலாறு நேயர்கள் அறிந்ததே. அப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி திருவருள் ஆயிற்று. நாயனார் பக்தியில் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆயினும் ஆற்றில் இடுமுன் ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்ததாம். அவர் பதிகம் பாடிய பிறகே நேராயிற்றாம். கடவுளிடமே கணக்குப் பார்த்தவரை நாம் நாயனாராகப் போற்றுகிறோம். அப்படியிருக்க, மனிதர் நடத்தும் தர்ம ஸ்தாபனத்திடம் கணக்குக் கேட்க மட்டும் நாம் கூசுவானேன்?

பொன்னைப் போலவே படத்தையும் உரைத்துப் பார்க்கவேண்டும். விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் வார்த்துப் பொம்மை செய்கிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, மண் அதன் உட்புறத்தில் படிந்து உருவமாகிறது. ஓர் அச்சில் வந்த பொம்மைகளுக்கெல்லாம் ஒரே முகந்தான். பொம்மைக்கு அது குணம். ஆனால் நன்கொடை வேண்டி வரும் விளம்பரங்களைப் பார்த்தால், ஏழைகளையும் யாரோ ஒரே அச்சில் வார்த்துவிட்டது போலத் தோன்றுகிறது. கண்ணீர் ததும்பும் குழந்தை, ஒட்டிய வயிறு, நீட்டிய கை! அவர்களுக்கு ஊர் இல்லை, உழைப்பு இல்லை, கோபமும் சிரிப்பும் இல்லை.

இவ்வழக்கம் புதியதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, ஹூப்பர் என்னும் ஆங்கிலேய ராணுவ அதிகாரி, எலும்புந்தோலுமாய்ப் போன நம் மக்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் படம் பிடித்தார். லண்டன் மேயர் 1877-இல் திரட்டிய நிதியில் பல லட்சம் பவுன் சேர்ந்தது. கொடுத்தவர்களின் இரக்கத்தை நாம் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் அந்தப் படங்களில் எலும்பு தெரிந்தது, காரணம் தெரியவில்லை. அதே ஆண்டுகளில் தானியம் கப்பலேறி வெளிநாடு சென்றதும், ஸர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று விதித்ததும் படத்தில் விழவில்லை. பசித்தவனை மட்டும் காட்டிப் பசியின் காரணத்தை மறைக்கும் படம் பாதி உண்மையே சொல்லுகிறது.

ஏழை எதையும் வாங்கிக்கொள்வான் என்ற எண்ணமும் இத்தகைய படங்களால் வளர்வதுதான். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கித் தமிழகக் கரையை அழித்த பிறகு, எங்கிருந்தெல்லாமோ பழந்துணிகள் வந்து சாலையோரங்களில் குவிந்தன. வீடிழந்த மீனவர்கள் அவற்றைத் தொடவில்லை. அவர்கள் இழந்தது வீடும் படகும், மானத்தை இழக்கவில்லை.

சட்டம் ஓரளவு விழித்துக்கொண்டிருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயரையோ படத்தையோ உரிய அனுமதியின்றி வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 2020-இல் நூற்றுக்கு ஐம்பதிலிருந்து இருபதாகக் குறைக்கப்பட்டது. ஆனால் நிர்வாகச் செலவு குறைவென்பதே யோக்கியதைக்குச் சான்றாகிவிடாது. ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவனுக்கும் சம்பளம் வேண்டும் அன்றோ? காந்தியடிகள் 1894-இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸை நிறுவியது முதல், சிறு தொகைக்கும் ரசீது கொடுத்துக் காசு தவறாமல் கணக்கு வைக்கச் செய்தார். பொதுப்பணத்தில் கணக்குப் பிசகினால் சத்தியமே பிசகிவிடும் என்பது அவர் கொள்கை.

ஆகவே, தர்மம் செய்யும் குடும்பத்தார் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். சென்ற ஆண்டு வந்த பணம் எதற்குச் செலவாயிற்று? உதவி பெறுகிறவர்களிடம் அவர்களுக்கு வேண்டியது இன்னதென்று கேட்டறிந்தீர்களா? படத்தில் உள்ளவர்கள் அதை வெளியிட மனமாரச் சம்மதித்தார்களா? நல்ல ஸ்தாபனம் இக்கேள்விகளால் கோபங்கொள்ளாது, மகிழ்ந்து விடையளிக்கும்.

நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. நம் வீட்டுக் குழந்தை ஒருநாள் பசியால் அழுதால், அந்த முகத்தை ஊரார் பார்க்கச் சுவரில் ஒட்டச் சம்மதிப்போமா? சம்மதியோம் என்றால், பிறர் குழந்தையின் அழுத முகத்தைப் பார்த்தால்தான் பணப்பையைத் திறப்பேன் என்னும் வழக்கத்தை நாமும் விட்டொழிக்க வேண்டும்.