புதன்கிழமை வராத பிள்ளை

தியானப் பகுதி: மாற்கு 10:13-16



சென்ற வாரம் ஐந்து நாட்களும் நான் ஒரு வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று நம் சபை தீர்மானித்திருக்கிறது அல்லவா? சிறுபிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்கிறார்கள் என்பதை முதலில் நானே கண்டறிய விரும்பினேன். நம் ஊரிலுள்ள கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாகிய அருட்சகோதரி மனமுவந்து இசைவு தந்தார். இரண்டாம் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள். பெரும்பாலோர் இந்துக் குடும்பத்தினர், கத்தோலிக்கர் சிலர், நம் சபைப் பிள்ளைகள் இருவர். என்னை எல்லாரும் "பாதர்" என்றே அழைத்தார்கள். நானும் திருத்தவில்லை.

திங்கட்கிழமை கணக்குப் பாடம். ஆசிரியை ஒரு பை நிறையத் தீக்குச்சிகளைக் கொண்டுவந்தார். மருந்து தோய்க்காத வெறுங்குச்சிகள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் வளையம் இட்டுக் கட்டச் சொன்னார். நாற்பத்து மூன்று என்றால் நான்கு கட்டுகளும் மூன்று தனிக் குச்சிகளும். இதே ஊரில், இதே வயதுப் பிள்ளைகள், இதே குச்சிகளைக் கூலிக்காக அடுக்கிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அதே குச்சி இன்று எண்ணைக் கற்பிக்கிறதைக் கண்டு என் உள்ளம் நன்றியால் நிறைந்தது.

செவ்வாய்க்கிழமை ஆசிரியை சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். 'கொடு' என்றார்; பலர் 'கோடு' என்று எழுதினர். 'பெட்டி', 'பேட்டி' ஆயிற்று. ஆசிரியை ஒவ்வொரு சொல்லையும் குறுக்கியும் நீட்டியும் சொல்லிக் காட்டினார். பழைய ஓலைச்சுவடிகளில் எ, ஒ ஆகிய குறில்களின்மேல் புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் ஏடு எழுதுவோர் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். குறிலா நெடிலா என்று வாசிப்பவர் தாமே ஊகிக்க வேண்டியிருந்தது. நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அக்குழப்பத்தைத் தீர்த்தவர் என்று வீரமாமுனிவரைத் தமிழறிஞர் போற்றுகின்றனர். 1680-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த அக்கத்தோலிக்கக் குரு, நமக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பணிசெய்தவர். நம் வேதாகமத்தில் 'தேவன்' என்று பிழையின்றி வாசிக்கும்போதெல்லாம் நாமும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். சபைகளுக்கிடையே உபதேச வேறுபாடுகள் உண்டு. அவற்றை நான் மறைக்கவில்லை. ஆயினும் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் வாய் மூடியிருப்பது தகாது.

புதன்கிழமை அந்த வாரத்தின் முக்கியமான பாடம். நாற்பத்து மூன்றிலிருந்து பதினெட்டைக் கழிக்க வேண்டும். மூன்று தனிக் குச்சிகளே உள்ளன. எட்டை எப்படி எடுப்பது? வகுப்பு திகைத்தது. ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் ஒரு கட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்றினான். பத்துக் குச்சிகள் சிதறின. மூன்று, பதின்மூன்று ஆயிற்று. "கடன் வாங்கிக் கழித்தல்" என்று நாம் மனப்பாடம் செய்ததை அப்பிள்ளைகள் தங்கள் கைகளால் கண்டுபிடித்தார்கள். வியாழக்கிழமை அதையே குச்சியின்றிச் சிலேட்டில் எழுதிப் பழகினார்கள்.

அவ்விரு நாட்களும் ஓரிடம் வெறுமையாயிருந்தது. அது நம் சபைப் பிள்ளை ஒருத்தியின் இடம். அவள் தாயின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். அன்று வாரத் தேர்வு. அதே கணக்கிற்கு அவள் முப்பத்தைந்து என்று விடை எழுதினாள். மூன்றிலிருந்து எட்டு போகாது என்று கண்டு, எட்டிலிருந்து மூன்றைக் கழித்திருந்தாள். வராத நாட்களின் பாடத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொண்டாள். ஆசிரியை சிவப்பு மையைத் தொடவில்லை. இடைவேளையில் அவளை அருகில் அமர்த்தி, நான்கு கட்டுகளை எடுத்து வைத்து, "ஒன்றை அவிழ்த்துப் பாரம்மா" என்றார்.

ஏன் வரவில்லை என்று அன்று மாலை அவள் வீட்டிற்குச் சென்று கேட்டேன். தாய் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். போகாத நாளுக்குக் கூலி இல்லை. இரண்டு வயதுத் தம்பிக்குக் காய்ச்சல். காய்ச்சல் கண்ட குழந்தையை அங்கன்வாடியில் விட இயலாது. பாட்டி துக்க வீட்டிற்கு வெளியூர் போயிருந்தார். ஆகவே ஏழு வயதுப் பிள்ளை இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். "வேறென்ன செய்வது ஐயா?" என்று அந்தத் தாய் கேட்டபோது என்னிடம் விடையில்லை. அச்சிறுமி ஒரு ஞாயிறும் தவறாமல் ஓய்வுநாள் பள்ளிக்கு வருகிறவள். அதற்காக அவளை நான் மேடையில் பாராட்டியிருக்கிறேன். அவளுடைய புதன்கிழமையைப் பற்றி ஒருநாளும் நான் விசாரித்ததில்லை.

அன்பானவர்களே, தியானப் பகுதியில் பிள்ளைகளைத் தடுத்தவர்கள் சீஷர்களே. அவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு பெரிய அலுவல்களில் கருத்தாயிருந்தவர்கள். ஆண்டவரோ அவர்கள்மேல் விசனமடைந்தார். ஆலயக் கட்டட வேலையிலும் அசன விழாவிலும் கருத்தாயிருக்கிற நாமும் அந்த இடத்திலேயே நிற்கிறோம் என்று அஞ்சுகிறேன்.

பட்டாசுத் தொழிலை இழிவாகப் பேச நான் வரவில்லை. நம் காணிக்கைப் பையில் விழுவதில் பெரும்பங்கு அதன் கூலியே. சட்டமும் உறங்கிவிடவில்லை. சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதியை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. அதோடு, அப்பிள்ளைக்குப் பதிலாகக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்றும் கூறியது. பெரியவரின் கூலி உறுதிப்பட்டால்தான் பிள்ளையின் படிப்பு உறுதிப்படும் என்பதை நீதிமன்றமே கண்டுகொண்டது. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. இவை பிள்ளையை ஆலை வாசலிலிருந்து விலக்கின. ஆனால் வீட்டுத் தொட்டிலருகே நிற்கும் பிள்ளையைச் சட்டத்தின் கண் எட்டுவதில்லை. அங்கே அண்டை வீட்டாரின் கண்தான் எட்டும்.

1903-ஆம் ஆண்டு விருதுநகரில் பிறந்து, இளம் வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்த நேர்ந்த காமராசர், முதலமைச்சரானபோது பிள்ளைகளைத் தடுப்பது பசி என்று கண்டார். உணவைப் பள்ளிக்கே கொண்டுவந்தார். தடை எதுவென்று முதலில் கேட்டார். பின்பு அதை அகற்றினார். நாமும் அவ்வாறே செய்வோம்.

என் வேண்டுகோள் இது. பகலில் வீட்டிலிருக்கும் மூத்த தாய்மார் சிலர் தங்கள் பெயரைத் தர வேண்டும். இத்தகைய நாளில் ஒரு தொலைபேசி அழைப்புக்கு அவர்கள் அந்த வீட்டிற்குச் சென்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். நோயுற்ற குழந்தைக்குத் தாயே வேண்டுமென்றால், அந்த நாளின் கூலியை ஏழைகளுக்கான நிதியிலிருந்து நாம் கொடுப்போம். மாலைப் படிப்பு மையம் அதற்குப் பின்பு வரட்டும். பகலில் இழந்ததை மாலையில் தேடுவதைவிட, இழக்காமல் காப்பது நல்லது.

"இது பெற்றோரின் பொறுப்பு" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் ஞானஸ்நானத்தின்போது அப்பிள்ளைக்காகச் சபையாகிய நாமும் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தோமே! "இரண்டாம் வகுப்புதானே, இரண்டு நாள்தானே" என்றும் சொல்லலாம். கழித்தலில் விட்ட படி வகுத்தலில் இடறும். வகுத்தலில் இடறிய பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் "படிப்பு ஏறவில்லை" என்று பெயராகும். அதன்பின் அப்பிள்ளை எங்கே போகும் என்பதை இந்த ஊரில் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு வருகையை எண்ணுகிற நாம், வரும் வாரமுதல் புதன்கிழமை வருகையையும் விசாரிப்போம். பெயர் தர விரும்பும் தாய்மார் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னைச் சந்திக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

ஜெபம்: பிள்ளைகளை அணைத்துக்கொண்ட ஆண்டவரே, அவர்கள் பாதையில் நாங்கள் அறியாமல் நிற்கிறோமானால் எங்களை விலக்கியருளும். உழைக்கும் தாய்மாரின் கைகளைத் தீங்கின்றிக் காத்தருளும். கற்பிக்கும் சகோதரிகளையும் ஆசிரியைகளையும் ஆசீர்வதியும். வெறுமையாயிருக்கும் ஒவ்வோரிடமும் எங்கள் கண்ணில் படட்டும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.